பிரேக்பாயின்ட் எந்த வரியில் நிற்கிறது? டிபக்கரின் வரித் தகவலைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலை ஓட்டி, நடுவில் நிறுத்திப் பார்க்க உதவும் கருவி டிபக்கர்; எங்கே நிறுத்த வேண்டும் என்று நாம் வைக்கும் குறிதான் பிரேக்பாயின்ட். டிபக்கர் எழுதுபவர்கள், கம்பைலர் எழுதுபவர்கள், தங்கள் மொழிக்கு டிபக்கர் ஆதரவு சேர்க்க முயல்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் ஜிடிபி, எல்எல்டிபி என்ற இரண்டு டிபக்கர்களையும், டுவார்ஃப் என்ற டிபக் தகவல் வடிவத்தையும் சுற்றியே இருக்கும். நான் தினமும் புழங்குவது அவற்றில்தான்.

வரித் தகவல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பிராசஸருக்கு வரி எண் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது முகவரியும் அங்கே இருக்கும் கட்டளையும்தான். 'இந்த முகவரியில் உள்ள கட்டளை இந்தக் கோப்பின் இந்த வரியிலிருந்து வந்தது' என்று கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்பைத்தான் வரித் தகவல் என்கிறோம். லினக்ஸிலும் மேக்கிலும் அது டுவார்ஃப் வடிவத்தில் இருக்கும்.

அந்தக் குறிப்பை அட்டவணையாக அப்படியே சேமித்தால் இடம் கொள்ளாது. அதனால் டுவார்ஃப் அதை ஒரு குட்டி நிரலாகச் சுருக்கி வைக்கிறது. டிபக்கர் அந்த நிரலை ஓட்டினால்தான் அட்டவணை வரிசை வரிசையாக வெளியே வரும். ஒவ்வொரு வரிசையிலும் முகவரி, கோப்பு, வரி, வரிக்குள் எத்தனையாவது எழுத்து, அப்புறம் சில கொடிகள் இருக்கும். முகவரியையும் வரியையும் ஒரே பைட்டில் சேர்த்து நகர்த்தும் சிறப்புக் கட்டளைகளும் உண்டு. குனு அசெம்ப்ளரின் வழக்கமான அமைப்பில் அவை வரியை -5 முதல் +8 வரை நகர்த்தும். அதைத் தாண்டிக் குதிக்க வேறு கட்டளை வேண்டும். அட்டவணையைப் படிக்கும் பகுதியைச் சோதிப்பவர்கள் -5, +8, அவற்றை ஒட்டிய -6, +9 என்ற நான்கு எல்லைகளையும் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். வரி எண் பின்னோக்கிப் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண ஃபார் லூப்பிலேயே அது பின்னோக்கிப் போகும்.

'இந்த வரியில் நில்' என்று சொன்னதும் டிபக்கர் என்னென்ன செய்கிறது?

முதலில் கோப்புப் பெயர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று தேடும். அடுத்து அந்தக் கோப்பின் அந்த வரிக்கு என்னென்ன முகவரிகள் இருக்கின்றன என்று பார்க்கும். அந்த வரியில் கட்டளையே இல்லாவிட்டால் வேறு வரியைத் தேர்ந்தெடுக்கும். பல முகவரிகள் கிடைத்தால் தேவையில்லாதவற்றைக் கழிக்கும். முகவரி ஒரு ஃபங்ஷனின் தொடக்கமாக இருந்தால் அதன் ஆரம்ப ஏற்பாட்டுக் கட்டளைகளை, அதாவது புரோலாக்கை, தாண்டும். கடைசியில் மிஞ்சிய இடங்களில் நிறுத்தக் கட்டளையைச் செருகும். எக்ஸ்86-இல் அது ஒரே பைட், இன்ட்3.

நிரல் அங்கே வந்து நின்றதும் நேர்மாறான தேடல் தொடங்கும்: 'நான் நிற்கும் முகவரி எந்த வரி?' வரியிலிருந்து முகவரிக்குப் போவதும், முகவரியிலிருந்து வரிக்குத் திரும்பி வருவதும் டிபக்கருக்குள் வெவ்வேறு ஃபங்ஷன்கள். ஒன்று சரியாக இருந்து மற்றது தவறாக இருப்பது நடக்கிற காரியம்தான். உதாரணமாக, 8-ஆம் வரிக்கும் 9-ஆம் வரிக்கும் ஒரே முகவரி என்று அட்டவணை சொன்னால், 8-இல் வைத்த பிரேக்பாயின்ட் 9-இல் நின்றதாகக் காட்டப்படலாம். அதனால் பிரேக்பாயின்ட் வைத்தபோது வந்த செய்தியை மட்டும் பார்க்கும் டெஸ்ட் பாதி டெஸ்ட்தான். நிரலை ஓட விட்டு, நின்ற இடத்தில் என்ன வரி காட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சி நிரலைக் கம்பைல் செய்து, பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தால் போதாதா?

தொடக்கத்துக்கு அது போதும், அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த டெஸ்ட் இரண்டு பொருள்களை ஒன்றாகச் சோதிக்கிறது: கம்பைலர் எழுதிய அட்டவணை, அதை டிபக்கர் படித்த விதம். நீங்கள் சரிசெய்த பிழை ஒரு குறிப்பிட்ட கம்பைலரின் ஒரு குறிப்பிட்ட பதிப்பு வெளியிட்ட விநோதமான அட்டவணையால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பு இன்று உங்கள் மெஷினில் இருக்கிறது. அடுத்த வருடம் கம்பைலர் மாறும், விநோதம் மறைந்துவிடும். டெஸ்ட் அப்போதும் பாஸ் ஆகும்; ஆனால் அது எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பாதையில் நிரல் போகவே போகாது. டிபக்கரில் யாராவது அந்தப் பிழையைத் திரும்பக் கொண்டுவந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: டிபக்கரைச் சோதிக்கும்போது வரி அட்டவணையைக் கம்பைலரிடம் விட்டுவிடாதீர்கள், நீங்களே எழுதுங்கள். அட்டவணை உங்கள் கையில் இருந்தால்தான், சரியான விடை எது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அட்டவணையைக் கையால் எழுதுவது எப்படி? பைட் பைட்டாகவா?

வேண்டாம். ஜிடிபியின் டெஸ்ட் தொகுப்பு டெஜாக்னு என்ற கருவியின் மேல், டிசிஎல் மொழியில் எழுதப்பட்டது. அதற்குள் டுவார்ஃப் தகவலை வார்த்தைகளில் எழுத உதவும் ஒரு சிறிய டுவார்ஃப் அசெம்ப்ளர் இருக்கிறது. அதில் எழுதியதை அது அசெம்ப்ளி கோப்பாக மாற்றிக் கொடுக்கும். அதை உங்கள் சி கோப்போடு சேர்த்து லிங்க் செய்ய வேண்டியதுதான்.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். சி கோப்பில் மெயினுக்குள் சில சாதாரண அசைன்மென்ட்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்லைன் அசெம்ப்ளியில் ஒரு குளோபல் லேபிள்: மூன்று இடங்களுக்கு மூன்று, ஃபங்ஷனின் முடிவுக்கு ஒன்று. அட்டவணையில் இப்படிச் சொல்கிறோம்: முகவரியை முதல் லேபிளில் வை, வரி 20, பதிவு செய். முகவரி இரண்டாம் லேபிள், வரி 21, ஸ்டேட்மென்ட் கொடியை ('இங்கே நிறுத்தலாம்' என்ற குறி) அணை, பதிவு செய். முகவரி மூன்றாம் லேபிள், வரி 22, கொடியைத் திரும்ப ஏற்று, பதிவு செய். கடைசி லேபிளில் வரிசை முடிந்தது. அவ்வளவுதான். இந்த வரி எண்களுக்கும் சி கோப்பின் உண்மையான வரிகளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டியதில்லை.

எதிர்பார்ப்பும் தெளிவு. 20-இல் பிரேக்பாயின்ட் கேட்டால் 20-இல் நிற்க வேண்டும். 21-ஐக் கேட்டால் கொடி இல்லாததால் 22-க்கு நகர வேண்டும். 20-இல் நின்று ஒரு ஸ்டெப் போட்டால் (அடுத்த வரிக்கு நகரச் சொன்னால்) 21-இல் நிற்காமல் 22-க்குப் போக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். சி கோப்பை டிபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள்; இல்லாவிட்டால் உண்மையான அட்டவணையும் நீங்கள் எழுதியதும் ஒன்றோடொன்று மோதும். ஆப்டிமைசேஷனையும் அணைத்து வையுங்கள். ஃபங்ஷன் இன்லைன் ஆகி (அழைத்த இடத்திலேயே அதன் கட்டளைகள் பிரதியாகி) லேபிள் இரண்டு இடத்தில் வந்தால் அசெம்ப்ளர் பிழை காட்டும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். லேபிள்களுக்கு இடையே உள்ள கட்டளைகள் சத்தமில்லாமல் இடம் மாறினால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

ஃபங்ஷன் பெயரில் பிரேக்பாயின்ட் வைத்தால் ஏன் முதல் கட்டளையில் நிற்பதில்லை?

முதல் கட்டளையில் நின்றால் ஆர்கியுமென்ட்களைப் பார்க்க முடியாது. ஏன் என்பதைப் பைட் கணக்கிலேயே காட்டிவிடலாம். இரண்டு முழு எண்களைக் கூட்டி, விடையை ஒரு மாறியில் வைத்துத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். 1-ஆம் வரியில் பெயர், 2-இல் திறக்கும் அடைப்பு, 3-இல் கூட்டல், 4-இல் ரிட்டர்ன், 5-இல் மூடும் அடைப்பு. எக்ஸ்86-64-இல் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஜிசிசி கம்பைலர் பொதுவாகத் தருவது இது: ஃபிரேம் பாயின்டரை ஸ்டாக்கில் தள்ள 1 பைட், புதிய ஃபிரேமை அமைக்க 3 பைட், இரண்டு ஆர்கியுமென்ட்களையும் ரெஜிஸ்டரிலிருந்து ஸ்டாக்குக்கு எழுத மூன்று மூன்றாக 6 பைட். ஆக மொத்தம் 10 பைட் புரோலாக். 3-ஆம் வரி 10-ஆவது பைட்டில் தொடங்குகிறது. அதற்கு 11 பைட் போக 4-ஆம் வரி 21-இல், 5-ஆம் வரி 24-இல், ஃபங்ஷன் முடிவது 26-இல்.

டிபக் தகவல் சொல்வது என்ன? 'ஆர்கியுமென்ட்கள் ஸ்டாக்கில் இந்த இடத்தில் இருக்கின்றன.' 0-ஆவது பைட்டில் நின்றால் அவை இன்னும் அங்கே எழுதப்படவே இல்லை. டிபக்கர் ஸ்டாக்கில் முன்பு கிடந்த குப்பையை ஆர்கியுமென்டின் மதிப்பாகக் காட்டும். 10-ஆவது பைட்டில் நின்றால் சரியான மதிப்பு வரும். பயனருக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

புரோலாக் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. இயந்திரக் கட்டளைகளையே படித்து ஊகிப்பது ஒன்று. ஃபங்ஷனுக்கான இரண்டாவது வரிப் பதிவு தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, டுவார்ஃப் 3 கொண்டுவந்த 'புரோலாக் முடிந்தது' என்ற கொடியை நம்புவது. க்ளாங் கம்பைலர் அந்தக் கொடியைப் போட்டுத் தரும்; ஜிசிசி வழக்கமாகப் போடுவதில்லை, இரண்டாவது வரிப் பதிவு என்ற மரபையே பின்பற்றுகிறது. அதனால் டெஸ்டில் இந்த இரண்டு பாணிகளும் வேண்டும். கொடி இருக்கும் அட்டவணை, கொடி இல்லாமல் இரண்டாவது பதிவு மட்டும் உள்ள அட்டவணை, அப்புறம் ஃபங்ஷன் முழுவதும் ஒரே வரியில் எழுதப்பட்டு இரண்டு பதிவுகளுக்கும் ஒரே வரி எண் வரும் அட்டவணை. மூன்றாவதில்தான் நான் அதிகப் பிழைகளைப் பார்த்திருக்கிறேன். 'வரி எண் மாறினால்தான் புதிய பதிவு' என்று எங்கோ ஒரு மூலையில் யாரோ எழுதிவைத்த ஒரு நிபந்தனை போதும், புரோலாக்கைத் தாண்டுவது நின்றுவிடும்.

இந்த டெஸ்டில் நின்ற வரியைச் சரிபார்ப்பதோடு விடாமல், ஒரு ஆர்கியுமென்டை அச்சிட்டு மதிப்பையும் சரிபாருங்கள். ஒரே வரி ஃபங்ஷனில் தவறான பைட்டில் நின்றாலும் வரி எண் சரியாகவே இருக்கும். மதிப்பு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டேட்மென்ட் கொடி என்றீர்களே, அது எதற்கு?

ஒரு வரிக்குச் சொந்தமான கட்டளைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம். அவற்றில் எவை 'நிறுத்துவதற்கு ஏற்ற இடம்' என்று கம்பைலர் பரிந்துரைக்கும் கொடி அது. கொடி ஏறிய பதிவுகளில் பிரேக்பாயின்ட் வைக்கலாம். இறங்கிய பதிவு 'இந்த முகவரி இந்த வரியைச் சேர்ந்தது' என்ற தகவலை மட்டும் தரும்.

2020-இல் வந்த ஜிடிபி 10-க்கு முன்பு, கொடி இல்லாத பதிவுகளை ஜிடிபி ஒட்டுமொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடும். பிரேக்பாயின்டுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் நிரல் அந்த முகவரியில் கிராஷ் ஆனால் தவறான வரி காட்டப்படும், ஏனென்றால் சரியான வரியைச் சொல்லும் பதிவே கையில் இல்லை. ஜிசிசி 8 முதல் ஆப்டிமைசேஷன் செய்த நிரலில் இந்தக் கொடி மாறி மாறி வர ஆரம்பித்த பிறகு இது நிறையப் பேரைப் பாதித்தது. இப்போது பதிவுகள் வைத்துக்கொள்ளப்படுகின்றன, பிரேக்பாயின்ட் வைக்கும்போதும் ஸ்டெப் செய்யும்போதும் மட்டும் கொடி பார்க்கப்படுகிறது.

சோதிக்க வேண்டிய நுணுக்கமான இடம்: ஒரே முகவரியில் இரண்டு பதிவுகள், ஒன்றுக்குக் கொடி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. அட்டவணையில் எது முதலில் வந்தாலும் கொடி உள்ள வரிதான் நின்ற இடமாகக் காட்டப்பட வேண்டும். இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு டெஸ்ட் எழுதுங்கள்.

கட்டளையே இல்லாத வரியில் பிரேக்பாயின்ட் கேட்டால் எது சரியான விடை?

கமென்ட், வெற்று வரி, டெக்லரேஷன் ஆகியவற்றில் பயனர்கள் அடிக்கடி வைப்பார்கள். ஃபங்ஷனுக்கு உள்ளே என்றால் விவாதமே இல்லை: கீழே முதலில் கட்டளை உள்ள வரிக்கு நகர்த்தலாம், ஆனால் நகர்த்தியதைச் சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் இரண்டு ஃபங்ஷன்களுக்கு நடுவே உள்ள கமென்டில் வைக்கும்போதுதான். 40-ஆம் வரியில் கமென்ட், 43-இல் ஒரு ஃபங்ஷன் தொடங்குகிறது. 40-ஐக் கேட்டவருக்கு 43-இல் நிறுத்திக் கொடுப்பது உதவியா, தொந்தரவா? தொந்தரவு என்பது என் எண்ணம். சோர்ஸ் கோப்பைத் திருத்திவிட்டுத் திரும்பக் கம்பைல் செய்யாமல் இருப்பவருக்கு, சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் விழும். அவர் அரை மணி நேரம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். எல்எல்டிபி ஃபங்ஷன் எல்லையைத் தாண்டி நகர்த்தாமல் இருக்க முயல்கிறது. அருகிலுள்ள வரிக்கு நகர்த்துவதையே அணைத்துவிடவும் அதில் ஒரு அமைப்பு உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், எடுத்த முடிவைப் பெயரிட்ட டெஸ்டாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஒருவர் வேறெதையோ சரிசெய்யும்போது இது தெரியாமல் மாறிப்போகும்.

கோப்பின் கடைசி வரிக்கும் கீழே ஒரு எண்ணைக் கொடுத்தும் பாருங்கள்.

ஃபார் லூப் வரியில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் நிற்க வேண்டுமா?

ஃபார் வரி அட்டவணையில் குறைந்தது இரண்டு முறை வரும்: தொடக்க மதிப்பு கொடுக்கும் இடத்தில் ஒருமுறை, எண்ணிக்கையைக் கூட்டி நிபந்தனை பார்க்கும் இடத்தில் மறுமுறை. எல்லா இடத்திலும் நிறுத்தினால் பயனர் சலித்துப்போவார். அதனால் ஜிடிபி, ஒரே பிளாக்குக்குள் ஒரே வரிக்குப் பல பதிவுகள் இருந்தால் முதல் முகவரியை மட்டும் வைத்துக்கொள்கிறது. லூப்புக்குள் நுழையும்போது ஒருமுறை நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் அதே வரி வேறு வேறு ஃபங்ஷன்களில் வந்தால் கழிக்கக் கூடாது. டெம்ப்ளேட், ஹெடர் கோப்பில் உள்ள ஸ்டேடிக் ஃபங்ஷன், மூன்று இடங்களில் இன்லைன் ஆன ஃபங்ஷன் எல்லாம் இந்த வகை. ஒரு பிரேக்பாயின்ட், பல இடங்கள், பட்டியலில் 1.1, 1.2, 1.3 என்று தெரியும். டெஸ்டில் இடங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு நிறுத்தாமல், நிரலை முழுக்க ஓட விட்டு எத்தனை முறை நின்றது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை மூன்று என்று வந்து, அதில் ஒரே இடம் இரண்டு முறை இருக்க வாய்ப்பு உண்டு.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால்?

இரண்டிலும் வைப்பதுதான் நியாயம். டைரக்டரியோடு சேர்த்துச் சொன்னால் ஒன்றில் மட்டும். இதற்கான டெஸ்ட் எளிது, எழுதிவிடுங்கள்.

இதைவிட ஆபத்தானது கோப்பு எண். 2010-இல் வந்த டுவார்ஃப் 4 வரை வரி அட்டவணையின் கோப்புப் பட்டியல் 1-இலிருந்து எண்ணப்பட்டது. 2017-இல் வந்த டுவார்ஃப் 5-இல் 0-இலிருந்து. ஒன்று கூடக் குறையப் படித்தால் பிரேக்பாயின்ட் பக்கத்துக் கோப்பில் போய் விழும். கோப்பு ஒன்றே ஒன்றுதான் என்றால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. கையால் எழுதும் டெஸ்டில் குறைந்தது மூன்று கோப்புகளை வையுங்கள், ஒரே அட்டவணையை 4, 5 என இரண்டு பதிப்பாகவும் உருவாக்கிச் சோதியுங்கள்.

நான் எழுதிய டெஸ்ட் பாஸ் ஆகிறது. நம்பலாமா?

உடனே நம்பாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரேக்பாயின்ட் 5-ஆம் வரியில் விழ வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதினேன். ஜிடிபி தரும் செய்தி 'லைன் 5' என்று முடிந்து, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கும். நான் எழுதிய ரெஜெக்ஸ் (செய்தியைப் பொருத்திப் பார்க்கும் வார்ப்பு) 5-உடன் முடிந்துவிட்டது, முற்றுப்புள்ளியைச் சேர்க்கவில்லை. பல மாதம் கழித்து வேறொரு மாற்றத்தால் பிரேக்பாயின்ட் 52-ஆம் வரிக்குப் போய்விட்டது. டெஸ்ட் தொடர்ந்து பாஸ் ஆனது, ஏனென்றால் 52-இலும் 5 இருக்கிறது. பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பயனர். அன்றிலிருந்து வரி எண்ணுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். புள்ளி ரெஜெக்ஸில் எதையும் பொருத்தும் என்பதால், அதற்கு முன் பின்சாய்வு போடவும் தவறுவதில்லை. டெஸ்ட் நிரலில் வரி எண்களை ஒன்றுக்குள் ஒன்று அடங்காதபடியும் தேர்ந்தெடுக்கிறேன்: 5-உம் 52-உம் ஒரே டெஸ்டில் வேண்டாம்.

நம்பிக்கை வர ஒரே வழி, டிபக்கரை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது. கொடியைப் பார்க்கும் நிபந்தனையைக் கமென்ட் செய்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். ஃபெயில் ஆனால் அது டெஸ்ட். பாஸ் ஆனால் அது எதைச் சோதிக்கிறது என்று திரும்ப யோசியுங்கள். பேட்ச் அனுப்புவதற்கு முன் இந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருபோதும் மிச்சம் பிடிப்பதில்லை.

வரி எண்ணை டெஸ்டில் நேரடியாக எழுதலாமா?

கையால் எழுதிய அட்டவணை என்றால் எழுதலாம், அந்த எண் உங்களுடையது. உண்மையான சி கோப்பு என்றால் வேண்டாம். நிற்க வேண்டிய வரியில் ஒரு கமென்ட் போட்டு, அந்தக் கமென்டைத் தேடி வரி எண்ணைப் பெறுங்கள். ஜிடிபி, எல்எல்டிபி இரண்டின் டெஸ்ட் தொகுப்பிலும் இதற்குத் தயாரான ஃபங்ஷன்கள் உண்டு.

முகவரியைச் சரிபார்க்கலாமா?

எண்ணாகச் சரிபார்க்காதீர்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் நிரல்கள் எங்கே வேண்டுமானாலும் ஏற்றக்கூடியவையாகத்தான் கம்பைல் ஆகின்றன. ஓட்டுவதற்கு முன் காட்டப்படும் முகவரி வேறு, ஓட்டிய பின் வேறு. 'ஃபங்ஷன் தொடக்கத்திலிருந்து இத்தனை பைட்' என்றோ 'இந்த லேபிளின் முகவரிக்குச் சமம்' என்றோ ஒப்பிடுங்கள். அதே காரணத்துக்காக, ஓட்டுவதற்கு முன் ஒருமுறையும் ஓட ஆரம்பித்த பின் ஒருமுறையும் பிரேக்பாயின்ட் வைத்துப் பாருங்கள். முன்பே வைத்ததைப் புதிய முகவரிக்கு மாற்றும் வேலையிலும் பிழை வரும்.

ஆப்டிமைசேஷன் செய்த நிரலை எப்படிச் சோதிப்பது?

இரண்டு தனித்தனி கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆப்டிமைஸ் ஆன அட்டவணையின் வடிவங்களை டிபக்கர் சரியாகக் கையாள்கிறதா என்பது ஒன்று. அதற்கு மேலே சொன்ன, கையால் எழுதிய அட்டவணையே போதும். அதில் வரி 0-ஐயும் சேருங்கள்: எந்த வரியையும் சேராத கட்டளைக்குக் கம்பைலர் 0 என்று எழுதும். 0-ஆம் வரியில் நின்றதாகப் பயனருக்குக் காட்டக் கூடாது, அதற்கு முந்தைய வரி அந்த முகவரி வரை நீள்வதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பைலர் தரும் தகவல் பயனருக்கு உதவும் அளவுக்கு இருக்கிறதா என்பது இரண்டாவது. அது கம்பைலரின் தரத்தைப் பற்றிய கேள்வி. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில் இதற்கென்றே டெக்ஸ்டர் என்ற கருவி இருக்கிறது. சோர்ஸில் 'இந்த வரிசையில் வரிகள் வர வேண்டும், இந்த இடத்தில் மாறியின் மதிப்பு இது' என்று எழுதிவைத்தால், அது டிபக்கரை ஓட்டிப் பார்த்து, எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டுச் சொல்லும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே டெஸ்டில் கலந்தால், ஃபெயில் ஆகும்போது யாரிடம் போவது என்றே தெரியாது.

ஃபெயில் ஆனால் தவறு கம்பைலரிலா, டிபக்கரிலா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் டிபக்கரை விட்டுவிட்டு அட்டவணையை நேரடியாகப் பாருங்கள். ரீட்எல்ஃப், ஆப்ஜ்டம்ப், எல்எல்விஎம்-இன் டுவார்ஃப்டம்ப் மூன்றுமே அதை விரித்துக் காட்டும். அப்புறம் டிபக்கர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று பாருங்கள். ஜிடிபியின் பராமரிப்புக் கட்டளைகளில் வரி அட்டவணையைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. எல்எல்டிபியிலும் அதற்கு இணையானது இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கோப்பிலேயே தவறு என்றால் கம்பைலர். கோப்பில் சரி, டிபக்கரின் அட்டவணையில் தவறு என்றால் படிக்கும் பகுதி. இரண்டும் சரி, நின்ற இடம் மட்டும் தவறு என்றால் தேர்ந்தெடுக்கும் பகுதி.

டெஸ்டில் குறிக்கும்போதும் இந்தப் பிரிவைக் காப்பாற்றுங்கள். ஜிடிபியில் எக்ஸ்ஃபெயில் என்றால் சூழலின் குறை, அதாவது கம்பைலர் அல்லது இயங்குதளத்தின் குறை. கேஃபெயில் என்றால் ஜிடிபியிலேயே உள்ள, பிழை எண்ணோடு பதிவான குறை. இரண்டையும் மாற்றிப் போட்டால், டிபக்கரின் பிழை 'கம்பைலர் செய்தது' என்ற பெயரில் வருடக்கணக்கில் கிடக்கும்.

லிங்கர் நீக்கிய ஃபங்ஷனின் வரிகள் என்ன ஆகும்?

பயன்படாத ஃபங்ஷனை லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) நீக்கினாலும் அதன் வரி அட்டவணை கோப்பிலேயே தங்கிவிடலாம், முகவரி 0 என்ற மதிப்போடு. டிபக்கர் அதை நம்பினால் 0-ஆவது முகவரியில் பிரேக்பாயின்ட் வைக்கப் போய், எழுத முடியாமல் தோற்று, மற்ற பிரேக்பாயின்ட்களையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு சிறிய டெஸ்ட் போதும்: நீக்கப்பட்ட ஃபங்ஷனின் வரியில் கேளுங்கள், 0-ஆவது முகவரியில் எதுவும் விழக் கூடாது.

எதிலிருந்து தொடங்குவது?

மூன்று லேபிள், மூன்று வரி உள்ள, கையால் எழுதிய அந்த அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அது ஓடியதும் நடுப் பதிவை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்: கொடியை ஏற்றுங்கள், இறக்குங்கள், வரியை 0 ஆக்குங்கள், முந்தைய பதிவின் முகவரியையே கொடுங்கள், கோப்பை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிபக்கரை ஓட்டுவதற்கு முன்பே உங்கள் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள். இரண்டும் பொருந்தாத முதல் இடத்தில் உங்கள் முதல் டெஸ்டை எழுதலாம்.